வாய் பேசாத அம்மாவுக்கு ஓர் இடம்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த சமயம் நடந்தது இது. திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். கணவருக்குத் திருப்பூரில் வேலை. என்னோடு இருந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும்; பதில்தான் வராது.

வீட்டில் பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒருநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால், அம்மா கட்டிலுக்குக் கீழே கிடக்கிறார். எவ்வளவு நேரமாகக் கிடந்தாரோ, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அன்றைக்குத்தான் நானும் கோவையில் இருக்கும் தம்பியும் முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்துவிட்டோமே தவிர, எனக்குள் ஒரே பயம். அங்கே என்ன நடந்தாலும் அம்மாவால் வந்து சொல்ல முடியாது. அதனால் சேர்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் நான்தான் தோண்டித் துருவிப் பார்த்தாக வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டேன்.

பைபாஸ் பக்கம் ஒரு இல்லத்தைத் தம்பி விசாரித்து வைத்திருந்தான். இருவரும் போனோம். பளபளவென்று டைல்ஸ், முன்னால் தோட்டம், வெள்ளை வெளேரென்று படுக்கை விரிப்பு. மேனேஜரே கூட வந்து சுற்றிக்காட்டினார்.

"அக்கா, ஓட்டல் மாதிரில்ல இருக்கு! அடுத்த வாரமே சேத்துருவோம்" என்றான் தம்பி.

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் வருவது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன்.

"பாக்குறதுன்னா ஞாயித்துக்கிழமதாம்மா" என்று வாட்ச்மேன் மறித்தார்.

"எங்கம்மாவச் சேக்கப் போறேன். இன்னொருக்கப் பாக்காமப் போக மாட்டேன்" என்று வெயிலிலேயே நின்றேன். செத்த நேரம் போனில் பேசிவிட்டு உள்ளே விட்டார்.

பெண்கள் அறையில் சத்தமே இல்லை. எல்லாரும் படுத்திருந்தார்கள். ஓரக் கட்டிலில் இருந்த வயதான அம்மா ஒருவர் என்னைப் பார்த்ததும் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். தண்ணீர் கேட்கிறார்! சுற்றிலும் பார்த்தேன். எந்தக் கட்டிலின் பக்கத்திலும் ஒரு செம்போ டம்ளரோ இல்லை. என் பாட்டிலை நீட்டினேன். மடமடவென்று முக்கால்வாசி குடித்துவிட்டார்.

அங்கே வேலை செய்யும் பெண் பதறி ஓடி வந்தார். "குடுக்காதீங்கக்கா! சாப்பாட்டோட குடுத்தாச்சு. இனி சாயங்காலம் டீதான். தண்ணி குடிச்சாச் சும்மா சும்மா பாத்ரூம் போகணும்பாங்க. இம்புட்டுப் பேர நான் ஒருத்தி எப்பிடித் தூக்குறது?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நேராக மேனேஜரிடம் போனேன். "எல்லாம் அவங்க சேஃப்டிக்குத்தான் மேடம். இதுவரைக்கும் யாருமே கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல" என்றார்.

"கம்ப்ளெயின்ட் பண்ண முடியாதவங்களத்தான சார் படுக்க வச்சிருக்கீங்க!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தம்பிக்குக் கோபம். "இப்பிடிக் குறை பாத்துக்கிட்டே இருந்தா அம்மாவ எங்கதான்க்கா விடுறது?"

"அது தெரியலடா. ஆனா அங்க விட மாட்டேன்."

நம் அம்மாவைச் சேர்க்கவில்லை என்பதோடு விட்டுவிட மனம் வரவில்லை. சமூக நலத்துறை அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். அலைய விட்டார்கள், அலைந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இல்லத்தின் வாசலில் நின்று, பார்க்க வந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர், "உனக்கென்னம்மா வந்துச்சு?" என்று சீறினார். ஒரு பெண் மட்டும் விறுவிறுவென்று உள்ளே போனார். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. என் நம்பரை வாங்கிக்கொண்டு, மறுநாளே அவரும் புகார் கொடுத்தார். அதிகாரிகள் வந்து பார்த்துப் போன பிறகு கட்டிலுக்குக் கட்டில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், கூடுதலாக ஆளும் போட்டிருக்கிறார்கள் என்று அவர்தான் போனில் சொன்னார்.

எங்கள் தேடல் நத்தம் பக்கமெல்லாம் சுற்றி, கடைசியில் சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு இல்லத்துக்கு வந்தது. சாதாரணக் கட்டடம். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. டி.வி.யில் எதைப் பார்ப்பது என்று இரண்டு அம்மாக்கள் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப வேணா வந்து பாக்கலாமா?" என்று பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்டேன்.

"வாங்க. அடுப்படி வரைக்கும் போயிப் பாருங்க. போன் போட்டுட்டுத்தான் வரணும்னு இல்ல."

அந்தப் பேச்சை மட்டும் நம்பிவிட நான் தயாராக இல்லை. "சேக்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க அம்மாவோட இங்க இருந்து பாக்கணும்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். தம்பியும் வந்தான்.

மத்தியானம் ஒரு பெண் கீரைச் சாதம் பிசைந்து கொண்டுவந்தார். அம்மா வாயை இறுக்கி மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'போச்சு, திணிக்கப் போகிறார்கள்' என்று நான் எழுந்தேவிட்டேன். அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "கீர வேணாமாம்மா? ரசம் ஊத்தட்டா?" அம்மா தலையை ஆட்டி மறுத்தார். "அப்பத் தயிரு?" அம்மாவின் கண்ணில் ஒரு வெளிச்சம். தயிர்ச் சாதம் வந்தது. சாப்பிட்டதும் படுக்க வைக்க வந்தவரின் கையை அம்மா இடது கையால் தள்ளினார். "சரி, உக்காந்தே இருங்க" என்று நாற்காலியைக் காற்று வரும் பக்கம் நகர்த்திப் போட்டார்.

பார்த்துக்கொண்டே இருந்த தம்பி, "இங்கயே விடுவோம்க்கா" என்றான்.

நான் அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன். "இங்க இருக்கியாம்மா? பிடிக்கலைன்னாச் சொல்லு, இப்பவே வீட்டுக்குப் போயிருவோம்."

அம்மா அந்தக் கூடத்தை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, சரி என்று மெல்லத் தலையசைத்தார். அழக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

இன்றைக்கும் நான் நேரம் காலம் சொல்லாமல்தான் அங்கே போகிறேன். அவர்களும் முகம் சுளிப்பதில்லை. எது நல்ல இல்லம் என்று யாராவது என்னைக் கேட்டால், வாய் பேச முடியாத ஒருவர் அங்கே 'வேண்டாம்' என்று தலையாட்டினால் அதை யாராவது மதிக்கிறார்களா என்று மட்டும் உட்கார்ந்து பாருங்கள் என்பேன்.