மைனஸ் பத்தொன்பது

ஈரக் கம்பளிக் கோட்டு, சிகரெட் புகை, டெலிபிரிண்டர் எண்ணெய்... மூன்றும் கலந்த ஒரு வாசனை. எழுபதுகளின் தொடக்கத்தில், மாண்ட்ரியல் விமான நிலையத்தை ஒட்டிய வானிலை அலுவலகத்தில் நான் வேலை பார்த்த அறை அப்படித்தான் இருக்கும்.

எனக்கு இருபத்தைந்து வயது. மதுரையில் படித்த பி.எஸ்ஸி. கணிதம். மகளுக்கு ஏழு மாதம். கணவர் ஆர்க்டிக்கில்.

ஆமாம், ஆர்க்டிக்கில்தான்! எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு வந்தவருக்கு இங்கே கிடைத்த முதல் நல்ல வேலை, வடகோடித் தீவு ஒன்றின் வானிலை நிலையத்தில். ஓராண்டு ஒப்பந்தம். அங்கே மொத்தமே எட்டுப் பேர். குளிர்காலம் முழுக்கச் சூரியன் கிடையாது. தபால் விமானம் மாதம் ஒன்று வந்தால் அதிர்ஷ்டம்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் வெளியே போக வேண்டும். வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் தெர்மாமீட்டரைப் படித்து, காற்றையும் மேகத்தையும் பார்த்து, எல்லாவற்றையும் ஐந்தைந்து இலக்க எண்களாக்கி ரேடியோவில் அனுப்ப வேண்டும்.

வடக்கிலிருந்து வந்து டெலிபிரிண்டரில் அச்சாகும் அந்த எண்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை.

மாண்ட்ரியலின் வில்லரே பகுதியில் எங்கள் மேல்வீட்டில் கமலா அக்கா இருந்தார். பேராசிரியர் மனைவி. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். மாலையில் குழந்தையை வாங்கப் போனால் முதல் கேள்வியே இதுதான்...

"என்னடி, இன்னிக்கு என்ன சொன்னாரு உன் வீட்டுக்காரர்?"

"மைனஸ் முப்பத்தெட்டுக்கா. காத்து இல்ல."

"நல்லா இருக்குடி உங்க குடித்தனம்! எங்களுக்கெல்லாம் லெட்டர் வந்துச்சு. உனக்கு அஞ்சஞ்சு நம்பரா வருது."

சிரித்துக்கொள்வேன். ஆனால் ரிப்போர்ட் பத்து நிமிடம் தாமதமானால் டெலிபிரிண்டர் பக்கத்திலேயே போய் நின்றுகொள்வேன். பனிக்கரடி வந்துவிட்டதா... விழுந்துவிட்டாரா... காய்ச்சலா... எண்கள் வந்து விழுந்த பிறகுதான் மூச்சே வரும்.

ஜனவரியில் ஒருநாள். காலை பத்து மணிக்கு அவருடைய நிலையத்திலிருந்து மைனஸ் நாற்பத்தொன்று வந்தது. மதியம் ஒரு மணிக்கு மைனஸ் பத்தொன்பது!

மூன்று மணி நேரத்தில் இருபத்திரண்டு டிகிரி ஏற்றம். திரும்பத் திரும்பப் படித்தேன். எண் மாறவில்லை.

மேலதிகாரி மார்செல் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கியூபெக்காரர், நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து அவர் பேசியது தமிழில் இப்படித்தான் இருக்கும்:

"இது காபி ரீடிங், மதாம். உங்க மெட்ராஸ்காரருக்குக் குளிருது, பாவம்."

வெளியே போகாமல், காபியும் கையுமாக உட்கார்ந்து இஷ்டத்துக்கு எழுதும் எண்ணுக்கு எங்கள் அலுவலகத்தில் அதுதான் பெயர். அதற்கு முந்தின வருடம் வேறொரு நிலையத்தில் ஒருவர் அப்படிப் பிடிபட்டு, ஒப்பந்தமே போயிருந்தது.

மார்செல் என் மேஜையில் சிவப்புப் பென்சிலை வைத்தார். "கேள்வி அனுப்புங்க. நாலு மணிக்குள்ள பதில் வரலைன்னா எண்ணைக் கோடு போட்டு அடிச்சிடுங்க."

கேள்வி அனுப்பினேன். பதில் இல்லை. அன்றைக்கு ரேடியோ சரியாக எடுக்கவில்லை.

என் புருஷன் எழுதிய எண்ணை நானே அடிக்க வேண்டும். அடித்தால் அவர் பெயர் போகும், வேலையும் போகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவர் பொய் எழுதுகிற ஆள் இல்லை. இந்த எண் தப்பு என்றால்... அவருக்கு என்னவோ ஆகிவிட்டது.

எழுந்து போய் அன்று காலை அதே நிலையத்தில் விட்ட பலூனின் தாளை எடுத்து வந்தேன். பலூன் மேலே போகப் போக அந்தந்த உயரத்தின் வெப்பநிலையை அனுப்பும். தரையில் மைனஸ் நாற்பது. சில நூறு மீட்டர் மேலே... மைனஸ் பதினெட்டு!

மார்செலிடம் கொண்டுபோய் நீட்டினேன். "காலையில காத்தே இல்ல. கடுங்குளிர் தரையோட படிஞ்சு கிடந்திருக்கு. மேல அவ்வளவு குளிர் இல்ல. இப்போ ரிப்போர்ட்ல காத்து முப்பத்தஞ்சு நாட் வேகம். மேல இருந்ததைக் கீழ இறக்கிக் கலக்கிடுச்சு."

"பலூன் விட்டவரும் உங்க வீட்டுக்காரர்தானே?"

"இல்ல மிஸ்யூ. அது காஸ்பேக்காரர். உங்க கியூபெக்தான்."

அறையே சிரித்தது. மார்செலும்தான். ஆனால் பென்சிலை எடுத்துக்கொள்ளவில்லை. "நாலு மணி வரைக்கும்" என்றார்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டெலிபிரிண்டர் தட்டியது. அவருடைய பதில்.

எண் சரி. இரண்டு முறை வெளியே போய்ப் பார்த்தது. பெட்டி வரை கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

மார்செல் பென்சிலைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன். நிம்மதி ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அந்தக் காற்று கிளப்பிய, கை நீட்டினால் கை தெரியாத பனிப்புயலில் இரண்டாவது முறை எதற்குப் போக வேண்டும்?

ஒப்பந்தம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்த அன்றே கேட்டேன். மகள் அவரை யாரோ என்று பார்த்து வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது தடவை ஏங்க போனீங்க? கைக்குழந்தை இருக்குன்னு நினைப்பே இல்லையா?"

"மொத தடவை பார்த்ததை என்னாலயே நம்ப முடியலம்மா."

"அப்படியே அனுப்பியிருக்கலாமே..."

"அங்க செக் பண்றது நீயாச்சே! சந்தேகம்னா நீ அடிச்சிருவே. புருஷன்னு பார்ப்பியா?"

அதைவிடப் பெரிய பாராட்டை இந்த ஐம்பது வருடத்தில் அவரிடமிருந்து நான் வாங்கியதில்லை.

இப்போது அந்த மாதிரி இடங்களில் கருவிகளே அளந்து, அவையே அனுப்பிவிடுகின்றனவாம். நல்லதுதான். யார் பெண்டாட்டியும் பயப்பட வேண்டாம். என் போனில் மேகம் படமாக வருகிறது. அதை அனுப்பியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

போன மாதம் மாண்ட்ரியலின் இல்-பிசாரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய வானிலைப் பதிவுகளெல்லாம் கம்ப்யூட்டரில் கிடைக்கிறதாம். தேதியைச் சொன்னேன். தேடி எடுத்தாள். மதியம் ஒரு மணி... மைனஸ் பத்தொன்பது. அப்படியே இருந்தது.

"அவ்வளவுதானாம்மா? அப்பா பேர்கூட இல்லையே."

"பேர் போடமாட்டாங்கடி" என்றேன். "யாரும் அடிக்கலை பார்."