கிரேன்காரியின் ஐந்தாவது குரல்

கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் கிரேனில் அவள் வேலை பார்த்தாள். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏறினால் சாப்பாட்டு வேளைக்குத்தான் இறங்குவாள். கீழே இருந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மேல்வீட்டம்மா. "மேல்வீட்டம்மா, கொஞ்சம் இடது பக்கம்" என்று வாக்கி டாக்கியில் குரல் வந்தால் நகர்த்துவாள். மற்றபடி பேச்சுத்துணைக்கு அங்கே காக்காகூட வராது. அதனால் பாடுவாள். வார்த்தை கிடையாது. மோட்டார் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மனம் போன போக்கில் இழுப்பாள்.

ஒருநாள் வாக்கி டாக்கியின் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டது. அது அவளுக்குத் தெரியாது. குனிந்து பார்த்தால் லாரிகள் நிற்கின்றன, ஆட்கள் அண்ணாந்து நிற்கிறார்கள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அடித்துப்பிடித்து இறங்கி வந்தாள்.

"ஒண்ணும் ஆகலம்மா" என்றார் மேஸ்திரி. "நீங்க பாடிட்டு இருந்தீங்க. நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வரல."

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் வெட்கம் வடிந்து வேறொரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர்கள் காதில் விழுந்தது எப்படி இருந்திருக்கும்?

வீட்டில் அவளோடு இருந்தது இரண்டு பேர். புருஷன் ரொட்டி அடுப்பில் வேலை செய்பவன். விடியும் முன் போய் மத்தியானம் வந்து படுப்பான். அவன் தங்கை கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் இருந்தாள். அவளிடம்தான் தன் பாட்டைக் கேட்டுப் பார்க்கும் ஆசையைச் சொன்னாள்.

"வீட்டுலயே பதிவு பண்ணலாம் அண்ணி" என்றாள் நாத்தனார். "கம்ப்யூட்டரை மட்டும் பாத்து வாங்கணும். ஒரு குரல்தானே?"

மேல்வீட்டம்மா சற்றுத் தயங்கினாள். இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம். "உள்ளுக்குள்ள நாலு பேர் பாடறாங்க. வாய்தான் ஒண்ணு இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் நாத்தனார் வேலை பார்க்கும் கடைக்குப் போனார்கள். போனதும் புருஷனின் கண் ஒரு பெரிய பெட்டியில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிச் சுவர், உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்குகள். "வாங்கினா இந்த மாதிரி வாங்கணும்" என்றான், கல்யாண மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு.

நாத்தனார் அதை ஓடவிட்டாள். "கண்ணை மூடிட்டுக் கேளுங்க அண்ணி."

அவள் மூடினாள். உள்ளே மூன்று விசிறிகள் சேர்ந்து இரைந்தன.

"இது நீங்க பாடும்போது கூடவே பாடும். மைக்குக்கு உங்க தொண்டையும் தெரியாது, விசிறியும் தெரியாது. எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கும்."

பிறகு அவள் காட்டியது ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட சின்னப் பெட்டி. தடித்த அகராதி அளவுதான் இருக்கும். மெமரியைக் கூட்டி, சுழலும் டிஸ்கைக் கழற்றிவிட்டு, சுழலாத, சத்தமில்லாத எஸ்.எஸ்.டி. போட்டிருந்தாள். ஓடுகிறதா என்பதே தெரியவில்லை. ஒரு வரியை முனகச் சொல்லிப் பதிந்து, அதையே திரும்பத் திரும்ப நகலெடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். நாற்பதைத் தாண்டியதும் ஒலி கரகரத்து விக்கியது.

"இவ்வளவு பேரைத் தாங்குது. உங்க நாலு பேருக்கு இது அரண்மனை."

புருஷனுக்கு விளக்கு இல்லையே என்று முகம் தொங்கிப்போயிற்று. ஒரு மைக்கும், அதன் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் சிறு பெட்டி ஒன்றும், காதை முழுக்க மூடும் ஹெட்போனும் வாங்கினார்கள். அந்தச் சிறு பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரிந்ததில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

துணி அலமாரி இருந்த அறையில் எல்லாவற்றையும் பொருத்தினார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டவள் பாடவே இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷமாகக் குடியிருக்கும் வீடு அது. இன்றுதான் அதன் சத்தத்தை, மைக் வழியாக, முதல்முறை கேட்கிறாள். ஃபிரிட்ஜின் பெருமூச்சு. சுவருக்குள் குழாயில் தண்ணீர் இறங்குவது. இரண்டு கதவுகளுக்கு அப்பால் புருஷனின் குறட்டை. தன் கண்ணிமை மூடித் திறப்பதுகூடக் கேட்டுவிடுமோ என்று இமைக்காமல் இருந்தாள். நாத்தனார் போய் அண்ணனை எழுப்பி உட்கார வைத்தாள்.

பாடத் தொடங்கியதும் வேறொரு தொல்லை. தன் குரல் காதுக்குச் சற்றுத் தாமதமாக வந்தது. பின்னால் நின்று யாரோ பழிப்புக் காட்டுவதுபோல. "கம்ப்யூட்டருக்குள்ள போய்ச் சுத்திட்டு வருது, அதான்" என்று நாத்தனார் சிறு பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். குரல் சுற்று வழியை விட்டுவிட்டு நேராகக் காதுக்கு வந்தது.

முதல் குரலைப் பதிந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது. பிறகு மூன்றாவது, நான்காவது. பாட்டின் கடைசியில் நாலு பேரும் ஆளுக்கொரு சுரத்தில் நிற்கிற இடம் ஒன்று உண்டு. கூண்டில் அதை அவள் மனத்துக்குள்தான் கேட்டிருக்கிறாள். இப்போது நாத்தனார் அதை ஓடவிட்டாள்.

மேல்வீட்டம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. நாலு பேரும் நின்றார்கள். அவர்களுக்கு மேலே, மிக மெல்லிதாக, இன்னொருத்தி நின்றாள்.

"அஞ்சாவதா ஒண்ணு கேக்குது."

"நாலுதான் அண்ணி பதிஞ்சோம்." நாத்தனார் ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். அவள் முகமும் மாறியது.

எந்தக் குரலுக்குள் ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றையும் தனியாக ஓடவிட்டுத் தேடினார்கள். எதிலும் இல்லை. ஒரு குரலை நிறுத்தினால் அது மறைந்தது. நிறுத்தியதைத் திரும்பச் சேர்த்ததும் வந்து நின்றது.

"நாலும் அச்சுப் பிசகாம சேந்தா தானா எழும்பும்னு எங்கேயோ படிச்சிருக்கேன்" என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி. "கேட்டதில்ல."

யாரும் பாடாத குரல். மேல்வீட்டம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் உண்டாக்கியதா, எனக்கு வந்ததா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்ததை நாத்தனார் பார்த்தாள். பார்க்காததுபோல் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினாள்.

புருஷன் ஒருமுறை கேட்டுவிட்டு ஹெட்போனை மெதுவாகக் கழற்றி வைத்தான். அப்புறம், "அடியில இருக்கற குரலை நான் குடுக்கட்டுமா?" என்றான்.

அவன் சேர்ந்ததும் ஐந்தாவது போய்விட்டது. அவனுக்குச் சுருதி கொஞ்சம் வழுக்கும். ஆனாலும் விடவில்லை. ரொட்டிக் கடையில் மாவு பிசையும் இயந்திரத்தோடு சேர்ந்து முனகிப் பழகினான். கடைக்காரர் உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார். ஒவ்வொரு ஞாயிறும் பதிவதும், கேட்பதும், உதட்டைப் பிதுக்குவதுமாகப் போயிற்று.

மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகலில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தவன் சட்டென்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசல் பக்கம் திரும்பினான்.

"யாராவது வந்தாங்களா?"

"இல்ல" என்றாள் அவள். அவனுக்கு முன் கேட்டபோது அவளுக்கும் அந்த ஐந்தாவது கேட்டிருந்தது. "இன்னொரு தடவ போடுங்க."