அருவிக்கு எத்தனை ஆள் ஆழம்?

அக்கரைச் சீமைக்குப் போனாயே, அங்கே பார்த்ததில் எது உனக்கு ரொம்பப் பிடித்தது என்று பேரன் பேத்திகள் கேட்கிறார்கள். மலையைச் சொல்லலாம், காலுக்குக் கீழே மேகம் போவதைச் சொல்லலாம். ஆனால் எனக்குப் பிடித்தது ஓர் அருவி. அதைவிடவும் பிடித்தது, அந்த அருவிக்குப் பக்கத்தில் பாறைமேல் குப்புறப் படுத்திருந்த என் அப்பா.

எங்கள் வீட்டில் அப்போது பொய்க்கு இன்னொரு பெயரே அருவி என்றாகியிருந்தது. யாராவது கொஞ்சம் கூட்டிப் பேசினால் போதும், அத்தை மோவாயில் கைவைத்து, "ஏன், அருவியும் கொட்டுச்சாமா?" என்று கேட்டுவிடுவாள். அத்தை, அப்பாவின் அக்கா. வீட்டுச் சாவிக்கொத்தும் வீட்டு நியாயமும் அவள் இடுப்பில்தான் இருந்தன. இதற்கெல்லாம் காரணம் என் தாய்மாமா. அவர் இலங்கையில், பதுளைப் பக்கம் கொஸ்லந்தவில், தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். ஒரு தடவை எங்கள் ஊருக்கு வந்தபோது, தன் கடைக்குச் சமீபத்தில் ஐம்பது ஆள் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது என்று ஊர்ப் பொட்டலில் உட்கார்ந்து சொல்லிவைத்தார். எங்கள் ஊரோ ராமநாதபுரத்துக் காய்ந்த காடு. பங்குனி பிறந்தால் கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்புவோம். அந்த ஜனங்களிடம் போய் ஐம்பது ஆள் தண்ணீர் என்றால் யார் நம்புவார்கள்? மாமாவுக்குப் புளுகன் என்று பேர் நிலைத்துவிட்டது.

அம்மாவுக்கு அண்ணன் என்றால் உயிர். தாய் தகப்பன் இல்லாதவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர். அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் வாய் திறக்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் அத்தை அருவிப் பேச்சை எடுத்தபோது, அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் நேராக வந்து நின்றாள்.

"அண்ணன் வரச்சொல்லி எத்தனை கடுதாசி போட்டுருச்சு. போய்ப் பாப்போம். அருவி இல்லேன்னா, பொறந்த வீட்டுப் பேச்சை இனி நான் எடுக்கவே மாட்டேன்."

"இருந்தா?" என்றார் அப்பா.

"இருந்தா, மாட்டுப் பொங்கலன்னைக்குப் பொட்டல்ல எந்திரிச்சு நின்னு நீங்க சொல்லணும்."

அப்பா மீசையைத் தடவிக்கொண்டு சரி என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் அம்மா கட்சி.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சுற்றுப்பட்டில் யார் கிணறு வெட்டினாலும் ஆழம் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு முடிச்சு என்று போட்ட கயிறு ஒன்று வைத்திருந்தார். நுனியில் கல்லைக் கட்டி இறக்கி, கல் தரை தட்டியதும் முடிச்சுகளை எண்ணி, பத்து ஆள், பதினோரு ஆள் என்று சொல்வார். சொன்னால் சொன்னதுதான், வெட்டினவனும் வெட்டச் சொன்னவனும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். கண்ணால் பார்த்து மட்டும் எதையும் சொல்லாத மனுஷர் அவர். குழம்பில் உப்புச் சரியா என்று கேட்டால்கூட இரண்டாவது கவளத்துக்குப் பிறகுதான் பதில் வரும்.

மார்கழியில் கிளம்பினோம். கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயில் மாறி மாறி அப்புத்தளையில் இறங்கினோம். பதுளை வரைக்கும் ரயில் போடாத காலம் அது. ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் பூமி சட்டென்று முடிந்துபோயிருந்தது. கீழே, வெகு கீழே, இன்னொரு தேசம் வெயிலில் விரிந்து கிடந்தது. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்பா எட்டிப் பார்த்து, "கயிறு பத்தாது" என்று மட்டும் சொன்னார். மாமா கொண்டுவந்திருந்த மாட்டுவண்டியில் ஹல்துமுல்லை வழியாகக் கொஸ்லந்த போய்ச் சேர்ந்தோம். வண்டியில் எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் அப்பாவின் முடிச்சுக் கயிறும் சுருண்டு படுத்திருந்தது.

மறுநாள் மாமா எங்களைத் தியலும அருவிக்குக் கூட்டிப்போனார். அங்கே அருவி இல்லை. பனிமூட்டம் மலையை அடியோடு விழுங்கியிருந்தது. எங்கேயோ இரைச்சல் மட்டும் கேட்டது. அப்பா அரை நாழிகை நின்று பார்த்துவிட்டு, "நல்லா வெள்ளையாத்தான் இருக்கு மச்சான்" என்றார். மாமா முகம் செத்துப்போயிற்று. திரும்பும் வழியில் அம்மா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். என் காலில் ஏறியிருந்த அட்டையைக்கூட அவள் கவனிக்கவில்லை. நான்தான் அலறிப் பிடுங்கினேன்.

மூன்றாம் நாள் காலை பனி விலகியது. பாறைச் சுவர் ஒன்று வானத்துக்கு எழும்பி நின்றது. அதன் உச்சியிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பாதி வழியிலேயே புகையாகிவிடுகிற மாதிரி, பிறகு நினைத்துக்கொண்டு மறுபடி தண்ணீராகிற மாதிரி. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் துள்ளினேன். வழக்கு முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு, "மேலே போக வழி இருக்கா மச்சான்? அளக்கணும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கண்ணுக்கு முன்னால் கொட்டுகிறதே, இன்னும் என்ன? தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ள முடியாத முரட்டுப் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

அப்பாவின் கயிறு பன்னிரண்டு ஆள். மாமா கடையில் இருந்த கயிற்றையெல்லாம் இழுத்துப் போட்டார். சேதி அதற்குள் தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை, காலையில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்கவேண்டாத நாள். லயத்து ஜனங்கள் மாட்டுக் கயிறும் விறகு கட்டும் கயிறுமாகக் கடை வாசலில் வந்து நின்றார்கள். கொழுந்து எடுக்கும் அம்மாள் ஒருத்தி தன் தாம்புக் கயிற்றை அப்பா கையில் கொடுத்துச் சொன்னாள்:

"எங்க ஊரு திருச்சிப் பக்கங்க. இப்பிடி ஒண்ணு இருக்குன்னு சொன்னா எங்க ஆளுகளும் சிரிக்கிறாங்க. எங்களுக்கும் சேத்து அளந்துட்டுப் போங்க."

அப்பா அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முற்றத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்து, நைந்ததைத் தள்ளி, நல்லதை முடிந்து, ஆளுக்கொரு முடிச்சுப் போட்டார். மொத்தம் எழுபத்தாறு ஆள் வந்தது.

தேயிலை மலை வழியாக ஏறி, அருவி விழுகிற பாறைக்குப் போனோம். கூட வந்திருந்த மாமாவின் சம்சாரம், என் மாமி, என்னை ஒரு மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மாமா கீழே போய்விட்டார். கல் தரை தட்டினால் சிவப்புத் துணியை ஆட்டவேண்டியது அவர் வேலை. அப்பா குப்புறப் படுத்து, தண்ணீருக்கு ஒதுப்புறமாகக் கல்லை இறக்கினார். நாலு ஆண்கள் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அம்மா அப்பாவின் கால் இரண்டையும் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பந்தயத்தில் எதிராளியின் காலை இப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறவளை அன்றுதான் பார்த்தேன்.

பதினெட்டாவது முடிச்சில் கயிறு தொய்ந்தது. பதினெட்டு ஆள்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா பிடித்த காலை விடாமல் அப்பாவுக்குக் கேட்கும்படி கத்தினாள்: "கெணத்துல கல்லு திட்டுல உக்காந்தா, அதைத் தரைன்னா சொல்லுவீங்க?"

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கயிற்றை உதறி, நாலடி தள்ளிப் படுத்து மறுபடி இறக்கினார். முப்பது. நாற்பது. லயத்து ஜனங்கள் கூடவே எண்ணத் தொடங்கினார்கள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது! ஒரே கூச்சல். ஐம்பதோடு நிற்கவில்லை கயிறு. அறுபது. எழுபது. எழுபத்தாறாவது முடிச்சு அப்பாவின் கைக்குள் வந்து நின்றது. கீழே சிவப்புத் துணி ஆடவே இல்லை. கயிறு தீர்ந்துவிட்டது, அருவி தீரவில்லை.

மாமா மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். "கல்லு என் தலைக்கு மேல எங்கயோ குருவி மாதிரி தொங்குது மாப்பிள்ளை!"

"ஐம்பதுன்னுல்ல சொன்னீங்க மச்சான்?"

மாமா தலையைச் சொறிந்தார். "நூறுக்கு மேல இருக்கும்னு எனக்குத் தெரியும். முழுசாச் சொன்னா பொய்யின்னுருவாங்களேன்னு பாதியாக் கொறச்சுச் சொன்னேன்."

அப்பா பாறையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். கயிறு கொடுத்த அம்மாள் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு குலவையிட்டாள். அத்தனை இரைச்சலிலும் அந்தக் குலவை எனக்குக் கேட்டது.

மாட்டுப் பொங்கலன்று அப்பா பொட்டலில் எழுந்து நின்றார். "எழுபத்தாறு ஆள் கயிறு போட்டேன். தரை தட்டலை. என் மச்சான் சொன்னது கொறச்சல்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அப்பாவின் கயிற்றை எதிர்த்துப் பேச எங்கள் ஊரில் ஆள் ஏது? நான் தேரில் வருகிற மாதிரி தெருவில் நடந்துவந்தேன். அத்தை மட்டும் வீட்டில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்: "அம்புட்டுத் தண்ணியும் யாரும் கொடம் வைக்காம சும்மாவா போகுது?" அன்று சாயங்காலமே சாவிக்கொத்தில் ஒரு சாவியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.

அப்பா பொங்கல் சாப்பிட உட்கார்ந்தார். "பாத்தேன்னு வந்து சொல்லியிருந்தா, பொண்டாட்டி சொல்லிக் கொடுத்ததுன்னு சொல்லியிருப்பாங்க. அளந்தேன்னு சொன்னா, இனி ஒரு வாய் தெறக்காது" என்றார், இலையைப் பார்த்துக்கொண்டே. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் போதும் போதும் என்று கை காட்டியும் கேட்காமல், நெய்யை இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள். ஜெயித்த கட்சிக்காரி நான் பக்கத்து இலையில் காத்திருக்க, தோற்றுப்போன மனுஷனுக்கு இத்தனை உபசாரமா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.