நெருப்பெரிச்சல் போனவர் திரும்பி வந்தார்

சபை வழியாகக் கேள்விப்பட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் எனக்காக ஜெபித்தவர்கள் உங்களில் பலர். நடந்ததை உங்களுக்குச் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லாதவள் நான். நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் ஞானசெல்வி. ஊர் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் கணவர் தானியேல் சின்ன வயதிலிருந்தே பட்டாசு வேலைக்குப் போனவர். ஒரு தீபாவளிக்கு முந்தின மாதம், அவர் வேலை செய்த இடத்தில் பக்கத்து அறை வெடித்தது. உள்ளே இருந்தது அவருடைய நண்பர். இவர் ஓடிப்போய் இழுத்திருக்கிறார். நண்பர் பிழைக்கவில்லை. இவருக்கு இடது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோனது.

கை ஆறுவதற்குள் பொங்கல் வந்துவிட்டது. தோல் இன்னும் இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. அதற்குள் ஃபோர்மேன் எங்கள் வீட்டுக்கு வந்து, "எப்ப வார?" என்று கேட்டார். நான் வாசலில் நின்றுகொண்டு, "இனி அவரை அங்க அனுப்ப மாட்டேன். பட்டினி கிடந்தாலும் சரி," என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வேறு வேலை என்ன இருக்கிறது? தீப்பெட்டி, அதுவும் இல்லையென்றால் அச்சகம். இரண்டிலும் ஆள் நிறைந்துபோயிருந்தது. "திருப்பூருக்குப் போவோம். ஊர் ஊரா அங்கதான் போறாக. நமக்கு ஒரு வேலையா இல்லாம போயிரும்?" என்றார் என் கணவர். அங்கே எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. வேலையும் பேசி வைக்கவில்லை. நாலு வயது மகள் ஷைனியைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பைகளோடு பஸ் ஏறினோம். கோடை தொடங்கியிருந்த சமயம்.

திருப்பூர் மண்ணரையில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த ஒரு லைன் வீட்டில் இடம் கிடைத்தது. ஒரே அறை. மேலே தகரக் கூரை. வீட்டுக்காரம்மா பெயர் சாந்தாமணி. அந்த ஊர்க்காரர். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேலைக்குச் சொல்லி வெச்சுட்டு வந்தீங்களா அம்மணி, இல்ல சும்மாவே வந்துட்டீங்களா?" என்று கேட்டார். சும்மாதான் வந்தோம் என்றேன். அவர் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் போன நேரம் வெளிநாட்டு ஆர்டர் குறைந்து, பனியன் கம்பெனிகளில் இருக்கிற ஆளுக்கே வேலை இல்லாமல் இருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. 'ஆட்கள் தேவை' என்று எழுதிய பலகையைப் பார்த்து உள்ளே போனால், அது பழைய பலகை என்பார்கள். மிச்சமிருந்த இடங்களில் கேட்ட முதல் கேள்வி, "என்ன மெஷின் ஓட்டுவீங்க?" என்பதுதான். அவருக்குப் பட்டாசுக்கு மருந்து அடைக்கத்தான் தெரியும். சும்மா மூட்டை தூக்குகிறேன் என்றாலும், கையைப் பார்த்துவிட்டு யோசிப்பார்கள். யோசித்துவிட்டு, அடுத்த மாதம் வரச் சொல்வார்கள்.

நானும் போனேன். "குழந்தைய ஆருகிட்ட உட்டுட்டு வருவீங்க?" என்பார்கள். ஷைனியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன்.

காலையில் முழுச் சட்டை போட்டு, கைத் தழும்பை மறைத்துக்கொண்டு போவார். வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பி வருவார். எங்கே போனார், என்ன சொன்னார்கள் என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். சோறு போட்டால் பாதியை ஷைனி தட்டுக்குத் தள்ளிவிட்டு, வெளியே சாப்பிட்டேன் என்பார். பொய் என்று எனக்குத் தெரியும். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கும் வார்த்தை வராது. கண்ணை மூடினால் தகரக் கூரையின் சூடுதான் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் சொன்னார்: "செல்வி, நான் மட்டும் ஊருக்குப் போறேன். ஃபோர்மேன்கிட்ட பேசிட்டேன். தீபாவளி வரைக்கும் பாத்துட்டு வந்துருதேன். நீ பிள்ளையோட இங்க இரு."

விளையாடிக்கொண்டிருந்த ஷைனியைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினேன். "பிள்ள தலையில கைய வச்சுச் சொல்லுங்க. அங்க போக மாட்டேன்னு சொல்லுங்க," என்றேன்.

அவர் கையை வைக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் எழுந்து தண்ணீர் மட்டும் குடித்தார். "நெருப்பெரிச்சல் பக்கம் நாலஞ்சு கம்பெனி இன்னும் கேக்கல. கேட்டுட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு இருந்த ஒரே போன் அவரிடம் இருந்தது.

அன்று அவர் வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் சாந்தாமணி அக்காவின் போனை வாங்கிக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். ஊரில் இருக்கிற கொழுந்தனைக் கூப்பிட்டேன். "இங்க வரலையே மைனி. ஒருவேளை நேரா வேலைக்கே போயிட்டாரோ என்னமோ. நீ திட்டுவேன்னு சொல்லாம போயிருப்பாரு," என்றார். ஃபோர்மேன் நம்பர் என்னிடம் இல்லை. கொழுந்தன் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

நான் முடிவே செய்துவிட்டேன். அவர் அங்கேதான் போயிருக்கிறார். அந்த அறையில், அந்த மருந்துக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார். எந்த நேரமும் போன் வரும், வெடித்துவிட்டது என்று சொல்வார்கள். பக்கத்து அறைப் பெண்கள் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்றார்கள். என் காதில் விழட்டும் என்றே பேசின மாதிரி இருந்தது. எது உண்மையாக இருந்தாலும் என்னால் தாங்க முடியாது.

"ஸ்டேசன்ல ஒரு வார்த்தை சொல்லிப் போடலாம் வா," என்று சாந்தாமணி அக்கா கூப்பிட்டார். நான் போகவில்லை. போய் என்ன சொல்வேன்? புருஷன் என்னை விட்டுப் போய்விட்டார் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? அன்று முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். "அப்பா எப்ப வரும்?" என்று ஷைனி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சாந்தாமணி அக்கா கதவைத் தட்டித் திறக்க வைத்தார். கையில் ஷைனிக்கு இட்லி.

"இங்க பாரு கண்ணு. டயர் கடைக்கு மேல மாடியில உங்க சாமிக்குப் பாடறாங்க, வெள்ளிக்கெழமையானா காத்தால இருந்து மத்தியானம் வரைக்கும். நானு எங்க மாரியாத்தாகிட்ட வேண்டியிருக்கறேன். நீ போயி உன்ற சாமிகிட்ட கேளு. ஆரு குடுத்தா என்ன, வந்தாச் சரி. புள்ளைய நானு பாத்துக்கறேன்."

நம் விசுவாசத்தில் இல்லாத ஒருவர்தான் என்னை ஜெபத்துக்கு அனுப்பினார். ஆண்டவர் யார் வாயிலிருந்தும் பேசுவார் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மாடிக்குப் போனேன். உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நான் வாசல் பக்கம், செருப்புகளுக்கு அருகிலேயே உட்கார்ந்தேன். பெரும்பாலும் பெண்கள். எல்லாரும் கம்பெனியில் வேலை குறைந்து உட்கார்ந்திருந்தவர்கள். ஜெபக் குறிப்பு இருக்கிறவர்கள் சொல்லலாம் என்று பாஸ்டர் சொன்னார். ஒருவர் எழுந்து மகன் படிப்பைச் சொன்னார். இன்னொருவர் முதுகுவலியைச் சொன்னார். என் முறை என்று ஒன்று வரவில்லை. யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன். வாய் திறந்தால் மானம் போய்விடும் என்று பயமாக இருந்தது.

எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் ஊருக்குப் புதுசு. என் வீட்டுக்காரரைக் காணும். வேலை தேடப் போனவரு வரல. கையில தீக்காயம் பட்டு இப்பத்தான் ஆறியிருக்கு. திரும்பவும் பட்டாசு வேலைக்குப் போயிட்டாரோன்னு பயமா இருக்கு. எனக்கு இங்க யாரும் இல்ல." இவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. சபையே கதறி ஜெபித்தது. முன்பின் தெரியாத பெண்கள் என் பெயரைக் கேட்டு, என் பெயரைச் சொல்லி அழுதார்கள்.

ஜெபம் முடியவில்லை. அதற்குள் யாரோ என் தோளைத் தொட்டார்கள். வயதான ஒரு அக்கா. பெயர் பாப்பாத்தி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அம்மணி, தீக்காயம்னு சொன்னீங்களே, எந்தக் கைங்க?"

"இடது கை."

"முழங்கை முட்டும் இருக்குமுங்களா? தோலு செவப்பா, வரிவரியா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"நானு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில கூட்டித் தொடைக்கிற வேலைங்க. முந்தாநேத்து ஒருத்தரக் கொண்டாந்து சேத்துனாங்க. பேச்சு மூச்சு இல்ல. பேரும் தெரியல. அந்தக் கையப் பாத்துட்டு, எந்த ஊட்டுப் புள்ளையோ, தேடுவாங்களேன்னு நெனச்சுக்கிட்டேனுங்க. வாங்க, போலாம்."

அன்று அவருக்கு வாராந்திர விடுமுறை. விடுமுறை வேறு நாளில் வந்திருந்தால் அவர் அந்த மாடியில் இருந்திருக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ கட்டில்கள். வேறு வார்டைக் கூட்டுகிறவராக இருந்திருந்தால் என் கணவரைப் பார்த்தே இருக்க மாட்டார். இதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

போய்ப் பார்த்தேன். அவர்தான். தலையில் கட்டு, மூக்கில் குழாய், கண் மூடியிருந்தது. கூப்பிட்டேன். அசையவில்லை. சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வந்து விளக்கினார். கீழே விழுந்ததில் தலையில் அடி, உள்ளே வீக்கம் இருக்கிறது என்றார். "நினைவு வரணும்மா. வந்துட்டா பயமில்ல. ரெண்டு மூணு நாள்ல வரலைன்னா கோயம்புத்தூருக்கு அனுப்பற மாதிரி இருக்கும். வராமலும் போகலாம். நீங்க தயாரா இருக்கணும்."

கண்டுபிடித்த சந்தோஷம் அந்த நிமிஷத்தோடு போயிற்று. வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். அழகான ஜெபம் எதுவும் எனக்கு வரவில்லை. "அவரை அந்த வேலைக்குப் போகக்கூடாதுன்னு இழுத்துட்டு வந்தவ நான். இங்கே கொண்டுவந்து சாகக் கொடுக்கவா வந்தேன்? எனக்கு வேலை வேண்டாம், இந்த ஊர் வேண்டாம். அவர் கண் திறந்தால் போதும்." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சண்டை போடுகிற மாதிரிதான் கேட்டேன். சபைப் பெண்கள் மாற்றி மாற்றி வந்து கூட இருந்தார்கள். சாந்தாமணி அக்கா ஷைனியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, சோறு கொடுத்து அனுப்பினார்.

சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. கோவைக்குக் கொண்டுபோவது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மாடியில் ஆராதனை நடக்கிற நேரம். நான் அவர் காலடியில் நின்றுகொண்டிருந்தேன். விரல் அசைந்தது. பிறகு கண் பாதி திறந்தது. என்னைத் தேடியது. நான் ஓடிப்போய் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். உதடு ஒட்டிக்கொண்டு பேச்சு சரியாக வரவில்லை. காதை வைத்துக் கேட்டேன்.

"நான் ஊருக்குப் போகல, செல்வி."

அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. அந்தக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகைக்கு, நர்ஸ் ஓடி வந்துவிட்டார்.

என்ன நடந்தது என்பது பிறகு தெரிந்தது. புதன்கிழமை வெறும் வயிற்றோடு நெருப்பெரிச்சல் முழுக்க நடந்திருக்கிறார். ஒரு கம்பெனி கேட்டில், ஆள் எடுக்கவில்லை என்று சொன்னதும் திரும்பியவர், மயங்கி அப்படியே கல்லில் விழுந்திருக்கிறார். போன் தெறித்து உடைந்துவிட்டது. டீ குடிக்க வெளியே வந்த பிகாஷ் என்ற ஒடிசா தம்பி, கூட இருந்தவர்களைச் சேர்த்துத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார். என் கணவரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

அந்தத் தம்பி திங்கட்கிழமை பார்க்க வந்தார். கூடவே அந்தக் கம்பெனி முதலாளியும் வந்தார். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர். கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ற கம்பெனி வாசல்ல வேலை கேட்டு வந்து உழுந்துட்டாருன்னு சொன்னாங்க. அதக் கேட்டதுல இருந்து சோறு எறங்குலீங்க," என்றார். பிறகு என்னிடம், "அம்மணி, ஆர்டர் கம்மிதான். ஆனாலும் ரெண்டு பேருக்கு வேலை இல்லாமப் போயிராது. நீங்க மொதல்ல வாங்க, பிசிறு வெட்டறதுக்கு. இவரு நல்லா எந்திரிச்சு நடந்ததுக்கப்பறம் பேக்கிங்ல போட்டுக்கறேன். அவசரம் ஒண்ணும் இல்லீங்க."

தையல் முடிந்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலை அது. அவர் வீட்டுக்கு வந்ததிலிருந்து, ஷைனியைப் பால்வாடியில் விட்டுவிட்டுப் போகிறேன். என் கணவர் அதன்பிறகு பேக்கிங்கில் சேர்ந்தார். இரண்டு பேரும் ஒரே கம்பெனி. அடிபட்டதில் அவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. ரசம் கொதித்தாலும் தெரியாது, சோறு அடிப்பிடித்தாலும் தெரியாது. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். அதற்காகவும் ஜெபிக்கிறோம். ஜெபிக்க உட்கார்ந்தால் இப்போது அவர் எழுந்து போவதில்லை. எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இன்றைக்கும் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். எந்த வேலையும் கையில் இல்லாமல், யாரையும் தெரியாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இதை வாசிக்கிற உங்களில் ஒருவரும் அப்படி இருக்கலாம். நாளைக்கே வேலை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்காதீர்கள். ஆண்டவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், அவருடைய ஜனத்துக்கு முன்னாலும் வெட்கப்படாமல் எழுந்து நின்று சொல்லுங்கள். உங்களுக்கான பதிலை அவர் ஏற்கனவே அந்த அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கலாம். நீங்கள் சொன்னால்தானே அது எழுந்து வந்து உங்கள் தோளைத் தொடும்.