ஏழாம் நம்பர் வயர்

2006-இல் கொடைக்கானலில் ஒரு பெண்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்குத் தேவகுமாரி பொறுப்பாளர். பிறந்தது பண்ணைக்காட்டுப் பக்கம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்தில். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா வீரம்மா, "வயரு பாக்குறா" என்பாள். அது பொய்யுமில்லை.

கல்லூரியில் முப்பது கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நெட் இணைப்பு. அந்த நவம்பரில் தேர்வு விண்ணப்பங்களை நெட்டில் அனுப்ப மூன்று நாள்தான் பாக்கி. ஒரு பக்கம் திறக்கவே கால்மணி நேரம் ஆனது. பனிமூட்டம் என்றார்கள். குரங்கு வயரைக் கடித்திருக்கும் என்றார்கள். தேவகுமாரி மொட்டைமாடிக்கே போய் வயரைத் தடவிப் பார்த்தாள். பல் பட்ட தடமே இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபிலிருந்த கம்ப்யூட்டர்களை அணைத்துவிட்டு, வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். வயருக்கு ஒன்றாக அதில் மின்னும் விளக்குகளில் மற்றவை அடங்கிவிட்டன. ஏழாம் விளக்கு மட்டும் படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அது வராந்தாவைத் தாண்டி, மாடியேறி, பாட்டு வாத்தியார் அருள்தாஸின் அறைக்குள் நுழைந்தது.

"சார், பாட்டு இறக்குற அந்த டோரண்ட் ஓடுதா?"

"ஆர்கன் மியூசிக் எல்லாம் போன வாரமே இறங்கிருச்சேம்மா. இப்ப நான் ஒண்ணுமே எடுக்கல."

"நீங்க எடுக்கல சார். உங்ககிட்டருந்துதான் ஊரே எடுத்துக்கிட்டு கெடக்கு. வாங்குனவங்க மத்தவங்களுக்கும் குடுக்கணும், அதான் இந்த சாப்ட்வேர்." பட்டியலைத் திறந்து காட்டினாள். பிரேசில், பிலிப்பைன்ஸ், போலந்து...

அருள்தாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "போலந்துக்காரன் நம்மகிட்டயா வாங்குறான்!"

"நிறுத்திரலாமா சார்?"

அவர் முகம் சுருங்கிப்போனது. "முக்காவாசி வாங்கிட்டானேம்மா. பாவம்ல?"

தேவகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விண்ணப்பங்களும் மெயிலும் முதலில் போகட்டும், மிச்சமிருக்கும் வேகத்தில் அருள்தாஸின் தானதர்மம் நடக்கட்டும் என்று ரூட்டரில் மாற்றி வைத்தாள். போலந்துக்காரர் மறுநாள் மதியம் முழுதாக வாங்கி முடித்தார். விண்ணப்பங்களும் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன.

ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் சிஸ்டர், "என்னதான் ப்ராப்ளம்?" என்று கேட்டார்.

"செட்டிங்ல சின்னக் கோளாறு சிஸ்டர், சரி பண்ணியாச்சு" என்றாள் தேவகுமாரி.

அருள்தாஸுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டார். "கோளாறு நான்தான் சிஸ்டர். ஆனா பதினோரு நாடு!"

திட்டுவதா சிரிப்பதா என்று சிஸ்டருக்கே தெரியவில்லை. இனிமேல் இப்படி எதை ஓட்டுவதென்றாலும் தேவகுமாரியிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

முதல் கடிதம் அருள்தாஸுடையதுதான். காரணம் என்ற இடத்தில், 'ஸ்பெயினில் ஒருவர் காத்திருக்கிறார்' என்று எழுதியிருந்தார். 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் தேவகுமாரி.