போதும்பொண்ணுவின் மகள்

வீரபாண்டி ஆற்றங்கரையில் இப்போதுதான் ஒரு கைக்குழந்தைக்கு மொட்டை போட்டு முடித்திருக்கிறார்கள். வீறிட்டு அழும் மகளின் தலையில் அம்மா சந்தனம் பூசுகிறாள். அந்த அம்மாவின் பெயரைக் கேட்கிறேன்.

“போதும்பொண்ணு. நாலாவதும் பொட்டப்புள்ளையாப் போச்சு, இனிப் போதும்னு எங்கய்யா வச்சாக.”

மடியில் இருப்பது அவளுக்கு இரண்டாவது மகள். இவளுக்கும் போதுமணி என்று வைக்கச் சொன்னார்களாம்.

“மாட்டேன்னுட்டேன். பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிடும்போதெல்லாம் கூனிக் குறுகி நின்னவ நான். எம்மகளுக்கு அது வேணாம். இவள வேணும்னுதான் பெத்தேன், வேணின்னு வச்சுட்டேன்.”

போதும்பொண்ணுவின் அப்பா வந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிறார். எதிரே வருகிறவர்களிடமெல்லாம், “வேணி, எம்பேத்தி” என்று சொல்லிக்கொண்டே கோயிலுக்கு நடக்கிறார்.