வராதவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர்

ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் என் வீட்டு முன்னறையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். வேலைக்காக வெளிநாடு கிளம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். அன்றைய பாடம், சொன்ன நேரத்துக்கு வருவதும் வராததும். வருவதாகச் சொல்லிவிட்டுத் தகவல் இல்லாமல் வராதவர் ‘நோ-ஷோ’. ஒருவரைக் காக்க வைத்து ஏமாற்றினால் ‘ஸ்டேண்ட் அப்’. இன்னொரு நாள் பார்ப்போம் என்று மரியாதையாகத் தள்ளிப்போடுவது ‘ரெயின் செக்’. மழையால் நின்றுபோன ஆட்டத்தை வேறொரு நாள் வந்து பார்க்க அமெரிக்காவில் கொடுத்த சீட்டு அது. மாதக்கணக்கில் மழை கொட்டும் ரங்கூனில் இப்படி ஒரு சொல் பிறக்காதது ஆச்சரியம்தான்.

உதாரணத்துக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள்தான் என் சிநேகிதி வராமல் போயிருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் ஒரு டீக்கடையில் சந்திப்போம். நான் எட்டுக்கு முன்பே இருப்பேன். அவள் ஆடி அசைந்து எட்டரைக்கு வருவாள். “எவ்வளவு நேரம்டி காக்க வைப்ப?” என்பேன். சிரிப்பாள். அந்த ஞாயிறு வரவே இல்லை, போனும் அணைந்திருந்தது. முதலில் பயந்தேன், அப்புறம் கோபம் வந்தது. ‘என் தோழி ஒரு நோ-ஷோ’ என்று போர்டிலேயே எழுதிப்போட்டேன்.

வியாழக்கிழமை மலேசியாவிலிருந்து கூப்பிட்டாள். அங்கே இருக்கும் மகனிடம் போய்விட்டாளாம். இனி அங்கேதானாம்.

“ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னடி?”

“உன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல? ஆனாடே ஆயிருச்சு.”

எதிராளி மனம் நோகுமே என்று வாய் எழாமல் போவதற்கு பர்மியில் அப்படிச் சொல்வோம். அதற்கு ஆங்கிலத்தில் என்னிடம் சொல் இல்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. இத்தனை வருடச் சிநேகத்துக்கு இவ்வளவுதானா மரியாதை என்று குமைந்தேன்.

“ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு அதே கடைக்குப் போ. வீடியோவில வர்றேன்” என்றாள்.

நம்பிக்கை இல்லாமல்தான் பஸ் ஏறினேன். கடையில் உட்கார்ந்து, பைக்குள் கிடந்த போனை எடுத்தால் அவள் கூப்பிட்ட அழைப்புகள் வரிசையாக நின்றன. மலேசியாவில் எட்டு மணி நமக்கு முன்பே அடித்துவிடும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. பதறிப்போய்க் கூப்பிட்டேன். மகன் வீட்டுச் சமையலறையில், தலை வாரிப் பொட்டு வைத்து, ஆறிப்போன டீயின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“எவ்வளவு நேரம்டி காக்க வைப்ப?” என்றாள்.

சொன்ன நேரத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. நான் அழுதுவிட்டேன்.